ஸ்வெட்டருக்கு முன்னால் சான்றிதழ்: தில்லிக்கு முதுகலை படிக்க வருபவர்களுக்கு

மே மாதம் பிறந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையன், அம்மாவோடு வேலை பார்க்கும் டீச்சரின் மகள் என்று யாருக்காவது தில்லியில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அக்கா, குளிருக்கு எந்த மாதிரி ஸ்வெட்டர் வாங்கணும்?" ஜூலையில் வந்து இறங்கப் போகிறவருக்கு ஸ்வெட்டர் தேவைப்பட இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை வியர்வையில்தான் குளியல். "அது கிடக்கட்டும், ஓ.பி.சி. சான்றிதழ் எந்தத் தேதியில வாங்கினது?" என்று நான் திருப்பிக் கேட்டால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

நானும் அப்படி வந்தவள்தான். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பெரிய பெட்டி, ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய ஊறுகாய், போன வருடத்துச் சாதிச் சான்றிதழ். ஊறுகாய் ஒரு மாதம் வந்தது. சான்றிதழ் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. நான் பட்டதை வைத்து, எதை முதலில் செய்ய வேண்டுமோ அதை முதலில் சொல்கிறேன்.

ஏப்ரலில் ஆரம்பியுங்கள்

தில்லிப் பல்கலைக்கழகம், ஜே.என்.யு. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) இரண்டிலும் முதுகலைச் சேர்க்கை க்யூட் பி.ஜி. தேர்வு வழியாக நடக்கிறது. தேர்வு மார்ச் மாதவாக்கில். ஜே.என்.யு.வில் முனைவர் பட்டத்துக்கு நெட் மதிப்பெண். ஐ.ஐ.டி.யில் எம்.டெக். என்றால் கேட், எம்.எஸ்சி. என்றால் ஜாம். இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தேர்வு எழுதி முடித்த கையோடு எல்லாரும் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள் பாருங்கள், தவறு அங்கேதான். அந்த இரண்டு மாதம்தான் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டிய காலம்.

தமிழ்நாட்டில் நாம் பள்ளிக்கூடத்திலேயே வாங்கி லேமினேட் செய்து வைத்திருக்கும் சாதிச் சான்றிதழில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று இருக்கும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் அது செல்லாது. அங்கே கேட்பது மத்திய அரசின் படிவத்தில், 'நான்-க்ரீமி லேயர்' (வசதி மிகுந்த பிரிவில் வராதவர்) என்று குறிப்பிட்ட ஓ.பி.சி., அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். அதுவும் நடப்பு நிதியாண்டில், அதாவது அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். நான் கொண்டுபோனது பிப்ரவரியில் வாங்கியது. "ரெண்டு மாசம்தானே சார் வித்தியாசம்" என்று கெஞ்சிப் பார்த்தேன். தவறு என்னுடையது, அவர்கள் என்ன செய்வார்கள்? ஊரில் அப்பா மறுபடி விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை மேசையாக அலைந்து, ஸ்கேன் செய்து அனுப்பும்வரை என் இடம் தொங்கலில்தான் இருந்தது.

ஆகவே ஏப்ரல் முதல் வாரத்தில் இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். தேர்தல் வருடமாக இருந்தால் இன்னும் அவசரம், ஏனென்றால் வருவாய்த் துறையே வாக்குச்சாவடி வேலைக்குப் போய்விடும். போவதற்கு முன் உங்கள் சாதியின் பெயர் தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறதா, எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல.

வருமானம் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 2017 முதல் க்ரீமி லேயருக்கான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். ஆனால் அப்பா அம்மாவின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. அரசு வேலை என்றால் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, எந்த நிலைப் பதவியில் இருக்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். இது தெரியாமல் "எங்க வீட்ல ரெண்டு பேரும் டீச்சர், எங்களுக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மற்ற தாள்கள்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், இளங்கலையின் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், புரொவிஷனல், கல்லூரியில் டி.சி., பல்கலைக்கழகத்தில் மைக்ரேஷன் சான்றிதழ். இந்த மைக்ரேஷன்தான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறீர்கள் என்று உங்கள் பழைய பல்கலைக்கழகம் தரும் சான்று அது. கல்லூரி தருவதில்லை. கடைசி செமஸ்டர் முடிவு வந்த மறுநாளே விண்ணப்பியுங்கள். நடுவில் ஒரு வருடம் படிக்காமல் இருந்திருந்தால், அந்த வருடம் என்ன செய்தீர்கள் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் கேட்கக்கூடும். ராகிங் தடுப்பு உறுதிமொழி இணையத்திலேயே முடிந்துவிடும், பெற்றோரும் சேர்ந்து கொடுக்க வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழை ஊரிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வரலாம். அது தமிழ்நாட்டுச் சலுகை.

எல்லாவற்றிலும் நான்கு ஜெராக்ஸ், ஒரு ஸ்கேன், பத்துப் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். மூலச் சான்றிதழ்கள் உள்ள கோப்பை ரயிலில் தலைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குங்கள். பெட்டி தொலைந்தால் துணிதான் போகும்.

இனிஷியல் என்னும் தலைவலி

இது தமிழர்களுக்கென்றே உள்ள பிரச்சினை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வடக்கே விண்ணப்பப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட விடாது. மு. கவிதா என்ற பெண் ஒரு படிவத்தில் 'கவிதா எம்', இன்னொன்றில் 'எம் கவிதா', ஆதாரில் 'கவிதா முருகேசன்', வங்கியில் 'கவிதா' என்று நான்கு பேராகிவிடுவாள். பிறகு உதவித்தொகை வரும்போது கணினிக்கு அந்த நான்கு பேரும் வேறு வேறு ஆட்கள்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ, அதுதான் உங்கள் பெயர். ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள், வங்கிக் கணக்கை ஆதாருக்கேற்ப மாற்றுங்கள். இதை ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கடைசிப் பெயர் கட்டாயம் என்றால் அப்பா பெயரை விரித்து எழுதலாம், ஆனால் ஒருமுறை எழுதியதை எல்லா இடத்திலும் அப்படியே எழுத வேண்டும். நான் விரித்து எழுதினேன். விளைவு, வருகைப் பதிவில் குடும்பப் பெயர் முதலில் வந்து, முதல் மாதம் முழுக்க எங்கள் வகுப்புக்கு என் அப்பா தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

பணக் கணக்கு

மத்தியப் பல்கலைக்கழகங்களில் கலை, சமூக அறிவியல் படிப்புகளின் கட்டணம் பெரிதாக இருக்காது. தில்லியில் செலவு என்பது தங்குமிடம்தான். விடுதி கிடைத்தால் ஒரு கணக்கு, கிடைக்காவிட்டால் முற்றிலும் வேறு கணக்கு. கிடைக்காது என்று வைத்துக்கொண்டே வீட்டில் பேசுங்கள், கிடைத்தால் லாபம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் படிக்கும் தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்று நிறுவனம் தரும் போனஃபைடு சான்றோடு பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்தின் வழியாகத்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே போனஃபைடு வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் ஆகும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை வாங்கி ஆய்வுக்கு வருபவர் என்றால் 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய். ஆனால் முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். "ஃபெலோஷிப் இருக்குல்ல" என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

ரயில், பெட்டி

சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பினால் மூன்றாம் நாள் காலை புது தில்லி. கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர். தெற்கே இருப்பவர்களுக்குக் கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தி. இரண்டும் தினமும் கிடையாது, இரண்டும் நிஜாமுதீன் வந்து சேரும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. சேர்க்கைப் பட்டியல் வந்த பிறகு டிக்கெட் போட உட்கார்ந்தால் தட்கல்தான் கதி. அதற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் இணைத்திருக்க வேண்டும், இன்றே இணைத்து வையுங்கள்.

விமானத்தில் வந்தால் இரண்டே முக்கால் மணி நேரம்தான். இருந்தாலும் முதல் முறை ரயிலில் வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். விஜயவாடா தாண்டியதும் பெட்டியில் தமிழ் குறையும், நாக்பூரில் டீயின் ருசி மாறும், குவாலியர் தாண்டியதும் சம்பல் பள்ளங்கள் ஜன்னலில் வரும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

பெட்டி ஒன்று போதும். தில்லி மெட்ரோவில் ஒருவர் 25 கிலோ வரைதான் கொண்டுபோகலாம், அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணி, இரண்டு போர்வை, கொசுவலை, மருந்துச் சீட்டோடு மருந்து, கண்ணாடி போடுபவர் என்றால் இன்னொரு கண்ணாடி. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்து வாருங்கள், அதைத் தடுக்க எனக்கு மனம் வராது. பாத்திரம், பக்கெட், தலையணை, கம்பளித் துணி எதுவும் வேண்டாம். எல்லாம் இங்கே கிடைக்கும், சிலது மலிவாகவும் கிடைக்கும்.

புது தில்லி ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல். பஹாட்கஞ்ச் பக்கம் ஒன்று, அஜ்மேரி கேட் பக்கம் ஒன்று. மெட்ரோ இருப்பது அஜ்மேரி கேட் பக்கம். பஹாட்கஞ்ச் பக்கம் இறங்கினால் "உங்க ஹோட்டல் மூடிட்டாங்க, அந்த ரோடு அடைச்சிருக்கு" என்று யாராவது தோளில் கைபோடாத குறையாக வருவார்கள். நின்று பதில் சொல்லாதீர்கள், நடந்துகொண்டே இருங்கள். மெட்ரோவில் மஞ்சள் தடம் ஏறினால் வடக்கே விஸ்வவித்யாலயா நிலையம் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்துக்கு. அதே தடத்தில் தெற்கே போய் ஹௌஸ் காஸில் மெஜந்தா தடத்துக்கு மாறினால் ஐ.ஐ.டி., அதற்கு இரண்டு நிலையம் தள்ளி ஜே.என்.யு.வுக்கான முனிர்கா. ஜாமியா பல்கலைக்கழகமும் அதே மெஜந்தாவில்தான், எதிர்த் திசையில். பெண்களுக்கு ரயிலின் முதல் பெட்டி தனி.

தங்குமிடம்: வேகம் வேண்டாம்

நம் ஊரில் பி.ஜி. என்றால் படிப்பு. தில்லியில் பி.ஜி. என்றால் கட்டில். சாப்பாட்டோடு சேர்த்து அறையில் ஒரு இடம்.

விடுதிக்கு விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும், சேர்க்கை கிடைத்ததும் தானாக வராது. அதில் பல இடங்களில் 'லோக்கல் கார்டியன்' என்று ஒரு வரி இருக்கும். தில்லியில் இருக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயர், முகவரி, கையெழுத்து. வருவதற்கு முன்பே யோசித்து வையுங்கள். தூரத்துச் சித்தப்பாவின் மைத்துனராக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தடவையாவது நேரில் போய்க் காபி குடித்துவிட்டு வந்த ஆளாக இருக்கட்டும். இரவில் காய்ச்சல் என்றால் விடுதியிலிருந்து அவருக்குத்தான் போன் போகும்.

விடுதி தள்ளிப்போனால் வெளியே தேட வேண்டியதுதான். வடக்கு வளாகம் என்றால் கம்லா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன், அவுட்ராம் லைன்ஸ், முகர்ஜி நகர். வளாகத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு வாடகை. முகர்ஜி நகர் சிவில் சர்வீஸ் பயிற்சி மாணவர்களால் நிரம்பிய இடம், இரவு பன்னிரண்டு மணிக்கும் டீ கிடைக்கும், அமைதி கிடைக்காது. தெற்கு வளாகத்துக்குச் சத்ய நிகேதன். ஜே.என்.யு., ஐ.ஐ.டி. பக்கம் முனிர்கா, பேர் சராய், கட்வாரியா சராய், ஜியா சராய். சராய் என்றால் வழிப்போக்கர்களுக்கான சத்திரம். பெயர் வைத்த காலம் போய்விட்டாலும் தொழில் மாறவில்லை. சந்துகள் மிகக் குறுகல், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கைநீட்டி உப்பு வாங்கலாம். ஆனால் வாடகை கட்டுப்படியாகும், உங்களைப் போலப் பல ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஊரில் இருந்துகொண்டே புகைப்படம் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். அந்த அறை இருக்கிறதா என்பதே சந்தேகம். முதல் ஒரு வாரம் சீனியர் அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்கிக்கொண்டு, கால் நோக நடந்து பாருங்கள். பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை. பெண்கள் என்றால் இரவுப் பார்வைதான் முக்கியம்: மெட்ரோவிலிருந்து வாசல்வரை தெருவிளக்கு எரிகிறதா, திறந்த கடைகள் இருக்கின்றனவா?

கேட்க வேண்டியவை சில. இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள்? கரண்டுக்கு சப்-மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு? தில்லியில் 200 யூனிட் வரை வீடுகளுக்கு மின்சாரம் இலவசம் என்று செய்தியில் படித்திருப்பீர்கள். வாடகைக்கு இருக்கும் மாணவரிடம் அந்தச் சலுகை வந்து சேர்வது அபூர்வம். குளிர்காலத்துக்கு கீசர் உண்டா? மாதம் முடியுமுன் காலி செய்தால் 'செக்யூரிட்டி' திரும்புமா? சென்னை மாதிரிப் பல மாத அட்வான்ஸ் இங்கே வழக்கமில்லை, பெரும்பாலும் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. புரோக்கர் வந்தால் அவருக்குத் தனியாக. ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவார்கள், காவல்துறைச் சரிபார்ப்புப் படிவமும் நிரப்பச் சொல்வார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

என் முதல் அறையைக் காலி செய்தபோது சுவரில் கறை என்று சொல்லி வீட்டுக்காரர் ஒரு மாத செக்யூரிட்டியை அப்படியே வைத்துக்கொண்டார். நான் வரும்போதே இருந்த கறைதான், நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் வேலை, நாலு சுவரையும் குழாயையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புவது.

சாப்பாடு பற்றியும் வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். மீன் சமைப்பீர்களா, முட்டை உண்டா என்று. பெயரை வைத்து மதம் பார்த்து "இப்பதான் வேற ஆளுக்குக் குடுத்தோம்" என்று சொல்லும் வீடுகளும் உண்டு. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் பொய் சொல்லிக் குடியேறாதீர்கள். ஒரு வருடம் ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவது பெரிய தண்டனை.

ஒரு விஷயத்தில் மட்டும் பேரம் வேண்டாம். பேஸ்மென்ட் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். 2024 ஜூலையில் பழைய ராஜேந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட் நூலகத்துக்குள் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். ஒரே வழி உள்ள கட்டடம், ஜன்னலில் கம்பி அடைத்த நான்காம் மாடி, இவையும் அப்படியே.

டேட் ஸௌ என்றால் எவ்வளவு?

இந்தி தெரியாமல் வரலாமா? வரலாம். வகுப்பு ஆங்கிலத்தில். மெட்ரோவில் ஆங்கிலப் பலகை. ஆனால் காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், பி.ஜி. சமையல்காரர் மூவரிடமும் இந்திதான். இந்தித் திணிப்பு பற்றிய உங்கள் கொள்கையை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆட்டோ பேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எண்களை முதலில் படியுங்கள். அதிலும் நம்மைக் கவிழ்ப்பது பின்னங்கள். 'டேட் ஸௌ' என்றால் 150. 'டாயி ஸௌ' என்றால் 250. ஸாடே தீன் ஸௌ 350. 'டாயி' என்பதை 'தோ' என்று நினைத்து 200 ரூபாயை நீட்டிவிட்டு நான் அசடு வழிந்தது ஒன்றிரண்டு தடவை அல்ல. 'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான். மற்ற வார்த்தையை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். யாரையும் 'ஆப்' போட்டுப் பேசுங்கள், அது நம் 'நீங்கள்'. ஆட்டோக்காரர் பையா, வீட்டுக்கார அம்மா ஆன்ட்டி, பெயருக்குப் பின்னால் ஒரு 'ஜி'. இலக்கணம் எப்படிப் போனாலும் இந்த மரியாதை காப்பாற்றும்.

"மதராஸி" என்று யாராவது கூப்பிடுவார்கள். அறியாமையில் கூப்பிடுபவர் உண்டு, வேண்டுமென்றே கூப்பிடுபவர் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வயிறு

முதல் வாரம் ராஜ்மாவும் பனீரும் பிடிக்கும். மூன்றாவது வாரம் ரசம் கனவில் வரும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இட்லி அரிசி, நல்லெண்ணெய், அப்பளம், மீன் எல்லாம் கிடைக்கும். முனிர்கா, ஆர்.கே. புரம், கரோல் பாக், மயூர் விஹார் பக்கம் தமிழர்கள் நெடுங்காலமாக இருப்பதால் அங்கேயும் நம் சாமான்கள் உண்டு. காய்கறிக்காரர் கொசுறாகக் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் போடுவார். கறிவேப்பிலையை மட்டும் 'கடி பத்தா' என்று கேட்டுக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அந்த அவமானம் பழகிவிடும். சரியான சாப்பாட்டுக்கு ஆசை வந்தால் ஆந்திர பவன் கேன்டீனுக்குப் போய் வரிசையில் நில்லுங்கள்.

ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் இருக்கிறது, சுவாமிநாதர் கோயில். பக்தி இல்லாதவர்களும் மாலை நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து காதுக்குத் தமிழ் கேட்டுவிட்டு வரலாம். அதே ஆர்.கே. புரத்தில் 1946ல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது, நூலகத்தோடு. முதல் மாதம் இந்த இடங்களைச் சுற்றுங்கள். அப்புறம் கொஞ்சம் விலகியும் இருங்கள். மணிப்பூர்ப் பெண்ணோடும் பீகார்ப் பையனோடும் பேசாமல் தமிழ் வாட்ஸ்அப் குழுவுக்குள்ளேயே இரண்டு வருடத்தை முடித்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். அதற்குத் திருச்சியே போதுமே!

வகுப்பறை

தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவர்கள் முதல் செமஸ்டரில் வாயே திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை. மற்றவர்கள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அக்டோபரில்தான் புரிந்தது, அவர்களில் பாதிப் பேர் பாடத்தைப் படிக்காமலே பேசுகிறார்கள் என்று. நீங்கள் படித்துவிட்டுப் போங்கள். ஒரு வகுப்புக்கு நாற்பது ஐம்பது பக்கம் வாசிக்கத் தருவார்கள். எல்லா வரியும் புரிய வேண்டியதில்லை, ஆசிரியர் யாரோடு சண்டை போடுகிறார் என்று கண்டுபிடித்தால் போதும். அதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எழுதி வைத்ததைப் பார்த்தே கேட்கலாம்.

புத்தகம் வாங்க வேண்டாம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டிய அத்தியாயங்களை ஒன்றாகத் தொகுத்து ஜெராக்ஸ் போட்டு விற்பது பெரிய வழக்கம். தில்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி என்ற சின்னக் கடைமீது 2012ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016ல் தில்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலுக்காக இப்படி நகலெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. அடுத்த வருடம் பதிப்பகங்கள் பின்வாங்கிக்கொண்டன. நூறு ரூபாய்க்கு நாம் வாங்கும் ஸ்பைரல் புத்தகத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

முதல் வாரத்தில் நூலக அட்டையும் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் அட்டையும் வாங்கிவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் டெங்கு வரும், அப்போது போய் வரிசையில் நிற்க முடியாது. மனசு சரியில்லை என்றால் 14416, டெலி-மானஸ். இலவசம், தமிழிலும் பேசலாம். ஊர் ஏக்கத்தில் அறைக்குள்ளேயே கிடப்பவர்கள் எல்லா வருடமும் உண்டு. இந்த எண்ணைக் குறித்துக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

இப்போது ஸ்வெட்டர்

குளிருக்கு முன்னால் புகை வரும். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுக்க, பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் வைக்கோல், வண்டிப் புகை, தீபாவளி வெடி எல்லாம் சேர்ந்து, காற்று அசையாமல் தலைக்குமேல் நிற்கும். காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டினால் 'கடுமை' என்று பெயர். 2024 நவம்பரில் பல்கலைக்கழக வகுப்புகளே இணையத்துக்கு மாறின. என்-95 முகக்கவசம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரும் மருத்துவரின் சீட்டும் இல்லாமல் வரவே கூடாது.

தீபாவளி முடிந்ததும் கம்பளித் துணி வாங்கலாம். சரோஜினி நகரில் பேரம் பேசி. வடக்கு வளாகத்துக்காரர்களுக்குக் காஷ்மீரி கேட் மொனாஸ்டரி மார்க்கெட்டும் மஜ்னு கா டீலாவும் பக்கம். தடியான ஒரு ஸ்வெட்டரைவிட உள்ளே தெர்மல், நடுவில் மெல்லிய ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று மூன்றாகப் போடுவதுதான் தாங்கும். ரஜாய் ஒன்று அவசியம், பஞ்சு அடைத்த கனமான போர்வை அது. இரவில் 4, 5 டிகிரிக்கு இறங்கும் ஊரில் வீடுகளைச் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது, தரை முழுக்க மார்பிள் வேறு. ஆக, வெளியே இருப்பதைவிட அறைக்குள்தான் அதிகம் நடுங்குவீர்கள். கால் விரல்கள் சிவந்து வீங்கி அரித்தால் வெந்நீரில் முக்காதீர்கள், அது இன்னும் மோசமாக்கும். கம்பளி சாக்ஸ் போட்டு மெதுவாகச் சூடேற விடுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும் குணம் உண்டு, எல்லாக் குளிர்காலத்திலும் அப்படிச் செய்தி வருகிறது.

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும், வாயகன்ற டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தோசை மாவு புளிக்காது, அதையும் ரஜாய்க்குள் படுக்க வைத்துத்தான் புளிக்கவைக்க வேண்டும். என் அறைத்தோழி அசாம்காரி, மாவுப் பாத்திரத்துக்கு நான் போர்த்திவிடுவதை முதல் தடவை பார்த்துவிட்டுப் பயந்துபோனாள்.

டிசம்பர் கடைசியிலிருந்து மூடுபனி. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், சிலது ரத்தும் ஆகும். பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். ஜனவரி 11ஆம் தேதி ரயிலுக்கு முன்பதிவு நவம்பர் 12 காலை 8 மணிக்குத் திறக்கும்.